தையற்காரர் மகன் அப்துல் ஹமீது

(மணலி புதுநகரில், தையல் பயிற்சி முடித்த சகோதரிகளுக்கு இயந்திரம் வழங்கிய நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மரியாதைக்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, இமாம் ஹஜ்ரத் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, இன்று இயந்திரம் பெற வந்திருக்கிற சகோதரிகளே, பின்வரிசையில் செல்போனைத் தட்டிக்கொண்டிருக்கிற தம்பிகளே! உங்களுக்கும் சேர்த்துத்தான் சலாம் சொன்னேன், பதில் சத்தம் கொஞ்சம் குறைவாக வந்தது.

இந்த மாதிரி நிகழ்ச்சியில் தொழிலின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள், இரும்பை வளைத்துப் போர்க்கவசம் செய்தார்கள் என்பது நாம் எல்லோரும் கேட்டது. நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்கள் கிழிந்த துணியைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள் என்பதும் தெரிந்தது. ஹஜ்ரத் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் இன்று ஒரு தையற்காரர் மகனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரும் மெஷின் மிதித்தவர்தான். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். 32 வயதில் பஞ்சாப் எல்லையில் ஷஹீதானார். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுப் போனார். பெயர் அப்துல் ஹமீது.

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1988-ல் தூர்தர்ஷனில் ‘பரம்வீர் சக்ரா’ என்று ஒரு தொடர் வந்தது. சேத்தன் ஆனந்த் எடுத்தது. அதில் அப்துல் ஹமீதாக நசீருதீன் ஷா நடித்தார். தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலம். இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் அப்துல் கலாம் அய்யாவைத் தெரியும், ஹமீதைத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் மாவட்டம், தாமுப்பூர் என்று ஒரு கிராமம். 1933 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தார். தந்தை முஹம்மது உஸ்மான், தாய் சகீனா பேகம். தந்தைக்குத் தொழில் தையல். அந்தப் பக்கத்தில் தர்ஜி என்பார்கள். மகன் கூடமாட உட்கார்ந்து தைத்தார். கிராமத்துத் தையற்கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் விடிய விடிய வேலை, மற்ற மாதங்களில் கிழிசலும் ஆல்டரேஷனும். நம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் அதே கதைதான். ரமலான் முழுக்க கண் எரிய எரியத் தைப்பார்கள், ஷவ்வால் பிறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஹமீதுக்கு அந்தக் கடையோடு இருக்க மனம் வரவில்லை. 1954 டிசம்பர் 27-ஆம் தேதி, 21 வயதில், கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். ராஜஸ்தானில் நசீராபாத்தில் பயிற்சி. அடுத்த ஆண்டு 4-ஆவது பட்டாலியனுக்கு அனுப்பப்பட்டார். முதலில் துப்பாக்கிக் கம்பெனியில் இருந்தார். பிறகு டாங்குகளை அடிக்கிற ரீகாயில்லெஸ் பீரங்கிப் பிளாட்டூனுக்கு மாற்றப்பட்டார். அந்தப் பீரங்கியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

நடுவில் 1962 வந்தது. சீனாவோடு போர். 4 கிரனேடியர்ஸ் அப்போது வடகிழக்கு எல்லையில் நம்கா சூ என்ற ஆற்றோரம் 7-ஆவது பிரிகேடில் இருந்தது. 10,000 அடிக்கு மேல் உயரம். அக்டோபர் குளிர். அங்கிருந்த நம் வீரர்களுக்குப் போதுமான கம்பளி உடை இல்லை, சரியான காலணி இல்லை, குண்டு இல்லை. அந்தப் போரைப் பற்றி எழுதிய எல்லோரும் ஒப்புக்கொள்கிற செய்தி இது. பிரிகேட் சிதறியது. ஹமீதின் பட்டாலியன் மலை வழியாகப் பூட்டானுக்குள் நடந்து, அங்கிருந்து அஸ்ஸாமில் மிசாமாரி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு பேர் வழியிலேயே போனார்கள்!

போர் நின்ற பிறகு அம்பாலாவில் அவருக்கு ஒரு புதுப் பொறுப்பு கொடுத்தார்கள். கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். பெயர்தான் நீளம். எளிதாகச் சொன்னால், ஒரு கம்பெனியின் சரக்கறைக்காரர். சட்டை, பூட்ஸ், போர்வை, ரேஷன், குண்டு எல்லாம் எவ்வளவு வந்தது, யாருக்குக் கொடுத்தோம், என்ன பாக்கி என்று கணக்கு வைக்கிறவர். துணியின் அருமை தெரிந்த தர்ஜி வீட்டுப் பிள்ளை, கம்பளி இல்லாமல் வீரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவர், அவர் கையில் அந்தக் கணக்கு. வீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. ஒரு அறக்கட்டளையில் இத்தனை ஆண்டு ரசீதுப் புத்தகம் பிடித்துக்கொண்டிருக்கிறவன் நான். அடுத்தவர் பொருளை அமானத்தாகக் கையில் வைத்துக் கணக்குச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். அதில் கைதட்டல் கிடையாது. ஒரு போர்வை குறைந்தால் மட்டும்தான் நம் பெயர் வெளியே வரும்.

சரி. 1965.

ஆகஸ்டில் காஷ்மீரில் தொடங்கிய சண்டை செப்டம்பரில் பஞ்சாபுக்கும் பரவியது. ஹமீது அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தார், அழைப்பு வந்து புறப்பட்டார் என்று சொல்வார்கள். குடும்பத்தார் வழியாக ஒரு செய்தி உண்டு. படுக்கையைச் சுருட்டிக் கட்டும்போது கயிறு அறுந்ததாம். மனைவி ரசூலன் பீவி, இன்று போக வேண்டாமே என்றாராம். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை, ஹஜ்ரத் முன்னால் நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் கயிற்றைப் பார்த்துப் பேசவில்லை, பிள்ளைகளைப் பார்த்துப் பேசியிருப்பார். கூப்பிட்ட இடத்துக்குப் போயாக வேண்டும் என்று அவர் கிளம்பிவிட்டார்.

பட்டாலியனில் டாங்கு எதிர்ப்புப் பிரிவின் தலைவர் அப்போது இல்லை. பழைய அனுபவம் இருக்கிறதே என்று சரக்கறைக்காரரான ஹமீதிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இடம் கேம்கரண் பகுதி. பிக்கிவிண்ட் செல்லும் சாலையில் சீமா என்ற கிராமத்துக்கு முன்னால். பக்கத்தில் அசல் உத்தர் என்று ஓர் ஊர். பெயருக்கு, சரியான பதில் என்று பொருள். 

எதிரில் வந்தவை பாட்டன் டாங்குகள். அமெரிக்கா செய்து பாகிஸ்தானுக்குக் கொடுத்தவை. ஒன்று ஏறத்தாழ 45 டன். எண்ணூர் சாலையில் போகிற கண்டெய்னர் லாரியைத் தினமும் பார்க்கிறோம், அது பக்கத்தில் வந்தால் பைக்கில் போகிறவனுக்குக் கை நடுங்குகிறது. அதைவிடக் கனமான இரும்பு, வயலைக் கிழித்துக்கொண்டு, சுட்டுக்கொண்டே வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஹமீதிடம் இருந்தது ஒரு ஜீப். மேலே கூரை இல்லை, சுற்றிலும் தகடு இல்லை. அதன் மேல் 106 மில்லிமீட்டர் ரீகாயில்லெஸ் பீரங்கி. இந்தப் பீரங்கி வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். சாதாரணப் பீரங்கி சுட்டால் பின்னால் உதைக்கும். அதைத் தாங்கக் கனமான அடித்தளம் வேண்டும். இதில் அந்த உதை இல்லாமல் இருக்க, வெடிக்கிற வாயுவின் ஒரு பகுதியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடுவார்கள். அதனால் எடை குறைவு, ஜீப்பில் வைக்கலாம். ஆனால் சுட்ட அந்த நொடியில் பின்னால் பெரிய நெருப்பும் புழுதியும் கிளம்பும். இதோ இங்கே இருக்கிறேன் என்று எதிரிக்குக் கையைத் தூக்கிக் காட்டுவதுபோல. ஒரு முறை சுட்டால் உடனே இடம் மாற வேண்டும். மாறாவிட்டால் அடுத்த குண்டு நம் மேல்.

ஆகவே தூரத்தில் இருந்தே அவசரப்பட்டுச் சுடக் கூடாது. தவறினால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. டாங்கு கிட்டே வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தரி வைக்கும் முன் இரண்டு தரம் டேப் போட்டுப் பார்ப்பாரே, அந்தப் பொறுமை. நான் மேடைக்காகச் சொல்லவில்லை. சுட்டாலும் வெட்டினாலும் திரும்ப ஒட்ட முடியாது, அவ்வளவுதான்.

நம் தரப்பு இன்னொரு காரியமும் செய்திருந்தது. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் தண்ணீரை விட்டார்கள். ஆளுயரக் கரும்பு வேறு நின்றிருந்தது. கரும்புக்குள் நம்மவர்கள் மறைந்திருந்தார்கள், சேற்றில் பாட்டன்கள் சிக்கின. கொசஸ்தலை ஆறு பெருகி நம் ஊருக்குள் வந்தபோது கனரக வண்டிகள் எப்படிச் சிக்கி நின்றன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

செப்டம்பர் 8-ஆம் தேதி முதல் தாக்குதல். 10-ஆம் தேதி காலை 8 மணிக்கு மறுபடி பெரிய தாக்குதல். முதலில் குண்டு மழை, பின்னால் டாங்குகள். 9 மணிக்குள் நம் முன்வரிசைக்குள் நுழைந்துவிட்டன. ஹமீது ஜீப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். முன்னால் வந்த டாங்கை அடித்தார். இடத்தை மாற்றினார். இன்னொன்றை எரித்தார். அதற்குள் அவர்கள் ஜீப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இயந்திரத் துப்பாக்கியும் குண்டுகளும் அந்த ஜீப்பின் மேலேயே குவிந்தன. அவர் அடுத்த டாங்குக்குக் குறி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு வந்து விழுந்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

எத்தனை டாங்குகள் என்று கேட்பீர்கள். விருதுக்கான அரசுக் குறிப்பில் இந்த மூன்றுதான் வருகிறது. 8-ஆம் தேதி தொடங்கி எல்லாவற்றையும் கூட்டி ஏழு என்றும் எட்டு என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் இன்னும் கூடும். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கூரையில்லாத ஜீப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டனை அடித்தாலே போதும், எண்ணிக்கையைக் கூட்டி அவருக்கு நாம் சேர்க்கப்போவது எதுவும் இல்லை. அந்தப் போர்க்களம் முழுவதிலும் வீழ்ந்த, பிடிபட்ட பாகிஸ்தான் டாங்குகள் இந்தியக் கணக்கில் 97. அது அவர் ஒருவர் வேலை அல்ல. செஞ்சுரியன், ஷெர்மன் டாங்குகளில் இருந்தவர்கள், காலாட்படை, வாய்க்காலை வெட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது.

அந்தப் போரில் பரம்வீர் சக்ரா இரண்டு பேருக்குக் கிடைத்தது. ஒருவர் தையற்காரர் மகன் அப்துல் ஹமீது. மற்றவர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர், பார்சி சமூகத்தவர். இருவரும் அந்தச் செப்டம்பரிலேயே, ஒரு வார இடைவெளிக்குள் உயிர் நீத்தார்கள். நம் பிள்ளைகளை யாராவது பள்ளியிலோ ரயிலிலோ உன் தேசப்பற்றை நிரூபி என்கிற மாதிரிப் பேசினால், சண்டைக்குப் போக வேண்டாம். இந்த இரண்டு பெயர்களையும் தெரிந்து வைத்திருங்கள், நிதானமாகச் சொல்லுங்கள். 1948-ல் காஷ்மீரில் ஜங்கர் என்ற இடத்தில் ஷஹீதான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்துல் ஹமீதின் கப்ரு தாமுப்பூரில் இல்லை. அசல் உத்தரிலேயே அடக்கம் செய்தார்கள். சீக்கிய விவசாயிகளின் வயல்கள் சூழ்ந்த இடம். ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே கூடி அவரை நினைவுகூர்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அஞ்சல்துறை அவருக்கு மூன்று ரூபாய்த் தபால்தலை வெளியிட்டது, ஜீப்போடு.

இனி ரசூலன் பீவியைப் பற்றி. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1966 ஜனவரி 26, குடியரசு தினத்தில், டெல்லியில் ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன், நம் திருத்தணியில் பிறந்தவர், அவர் கையால் அந்தப் பதக்கத்தை ரசூலன் பீவி வாங்கிக்கொண்டார். கிராமத்தை விட்டு அதிகம் வெளியே போயிருக்காத ஒரு பெண். நான்கு மகன்கள், ஒரு மகள். அதன் பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தார் தெரியுமா? 2019 ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் வஃபாத்தானார். ஏறக்குறைய 54 ஆண்டு. கணவர் ராணுவத்தில் இருந்தது பத்தே முக்கால் ஆண்டு. பரம்வீர் சக்ரா கதை அந்தக் கரும்பு வயலில் முடிந்துவிடுகிறது, வீட்டுக்கதை அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் நடந்திருக்கிறது.

2008-ல் ஜனாதிபதி பிரதிபா பாட்டீலை லக்னோவில் நேரில் பார்த்து மனு கொடுத்தார். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் ராணுவ ஆள்சேர்ப்பு மையம் வேண்டும், வீட்டை நினைவிடமாக்க வேண்டும், கணவர் நினைவு நாளை நாடு அனுசரிக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு அரசு வேலை வேண்டும். கணவரைப் பறிகொடுத்த வேலைக்கே ஊர்ப்பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற மனசு! ஆனால் நாலாவது கோரிக்கையையும் பாருங்கள். நாட்டின் மிகப்பெரிய வீர விருது வாங்கியவரின் வீட்டில், 43 ஆண்டு கழித்தும், பேரப்பிள்ளைகளின் பிழைப்புக்காகப் பாட்டி மனுவைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பூமாலை போடுகிற நாள் ஆண்டுக்கு ஒன்று, அடுப்பு எரிய வேண்டிய நாள் முந்நூற்று அறுபத்தைந்து. 2017 செப்டம்பர் 10-ஆம் தேதி அன்றைய ராணுவத் தளபதி பிபின் ராவத் தாமுப்பூருக்கே வந்து நினைவிடத்தில் மரியாதை செலுத்தினார், ரசூலன் பீவியையும் சந்தித்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது நடந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

இதை ஏன் இன்று, இங்கே, தையல் மெஷின்களுக்கு நடுவில் நின்று சொல்கிறேன்?

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் ஒரு தையற்கார பாய் வஃபாத்தானார். பெயர் சொல்லவில்லை, குடும்பம் இங்கே இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் மெஷின் மிதித்தவர். நம் பிள்ளைகள் பாதிப்பேரின் பள்ளிச் சீருடை அவர் கையால் தைத்தது. ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. மறுவாரம் நானும் பொருளாளரும் வீட்டுக்குப் போய், என்னென்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டோம். ஆதார், ரேஷன் கார்டு தவிர ஒன்றும் இல்லை. தையல் தொழிலாளர்களுக்குத் தனியாக நல வாரியம் இருப்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகன் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதியிருந்தான். நான் அவனைக் கோபிக்கவில்லை. தையல் என்று எழுதினால் குறைவு என்று நாம்தான் அவனை நினைக்க வைத்திருக்கிறோம். அப்துல் ஹமீதைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் இரண்டாவது வரியில் தந்தை தையற்காரர் என்று இருக்கிறது என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

ரசூலன் பீவிக்கு ஒரு பலம் இருந்தது. கணவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் படையின் பதிவேட்டில் இருந்தன. பதிவேட்டில் இல்லாத ஆள் எவ்வளவு உழைத்தாலும், அவர் போன பிறகு அவர் உழைத்தார் என்பதற்கு வீட்டில் உள்ளவர்களிடம் சாட்சி இருக்காது.

தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். கடை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து தைக்கிற சகோதரிகளும் சேரலாம், காஜா எடுக்கிறவர்களும் ஓவர்லாக் அடிக்கிறவர்களும் கேட்டுப் பார்க்கலாம். விபத்து மரணம், இயற்கை மரணம், பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு இவற்றுக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், கண்ணாடிக்குக்கூட ஒரு தொகை உண்டு. ஊசியில் நூல் கோக்கத் திணறுகிற பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தால் போதாது, காலாவதி ஆகாமல் புதுப்பிக்கவும் வேண்டும். கணவனை இழந்த, ஆதரவற்ற நம் பெண்களுக்கு மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது, கலெக்டர் தலைமையில் இயங்குவது. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் இருக்கிறது. இன்று பட்டியலில் பெயர் வராதவர்கள் மனம் வருந்தாமல் அதற்கு மனுப் போடுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். நம் பகுதியில் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள், அவர்கள் மனைவிமார் யாராவது இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் புத்தகத்தில் மனைவி பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தால், கணவர் ஹயாத்தோடு இருக்கும்போதே திருத்துங்கள். பீவி, பீ, பேகம், பானு என்று நம் பெண்கள் பெயர் காகிதத்துக்குக் காகிதம் மாறுவது எங்களுக்குப் பெரிய தலைவலி.

வருகிற ஞாயிறு லுஹருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் பதிவு முகாம் வைக்கிறோம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு ஆள்கள்தான் இருக்கிறார்கள், பின்வரிசைத் தம்பிகள் நான்கு பேர் வந்தால் வேலை அஸருக்குள் முடியும். செல்போனையும் கொண்டு வரலாம், ஓடிபி வரும்.

வஸ்ஸலாம்.